மடிப்பு பிரியாத வரைபடம்

நம் பல்கலைக்கழக நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். "ஒரு ஆய்விதழ்க் கட்டுரையைத் தேடிக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க மேடம்" என்று கேட்டீர்கள். தண்டையார்பேட்டைச் சந்துக்குள் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் அலைந்து, கையில் இனிப்புப் பெட்டியோடு வந்து நின்ற பிள்ளைகளிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதை நான் எழுதப் போவதில்லை. எந்தப் பெட்டியில் எந்தச் சொல்லை அடித்தால் எது வரும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கட்டுரையின் கதை. தேடிய பத்தாவது நிமிடத்தில் அது கிடைத்துவிட்டது. கிடைத்தும் ஒரு மனிதருக்கு அது உதவவில்லை. அதற்கு நான்தான் காரணம்.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது நடந்தது இது. ஆய்விதழ்ப் பிரிவுக்கு அப்போது நான்தான் பொறுப்பு. ஒரு புதன்கிழமை காலை, வாசலில் இருந்த காவலர் உள்ளே போன் செய்து, "யாரோ மீன்காரர் வந்து நிக்கிறாரு மேடம், போக மாட்டேங்கிறாரு" என்றார். போய்ப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, பாலிதீன் உறைக்குள் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பெயர் ஏழுமலை, ஊர் நெட்டுக்குப்பம் என்றார். அங்கிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். மீன் வாடை எதுவும் அடிக்கவில்லை. காவலருக்கு எதை வைத்து அவர் மீன்காரர் என்று தெரிந்தது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உறைக்குள் இருந்தது ஏதோ ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்து ஜெராக்ஸ். துணைநூற் பட்டியல். அதில் ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. ஒரு பழைய புவியியல் ஆய்விதழில் வந்த கட்டுரை. எழுதியவர் பெயர், தொகுதி எண், பக்க எண் எல்லாம் சரியாக இருந்தன.

"மேடம், இந்த புக்குல எங்க ஆத்தோட மேப்பு கீதாம். எங்க பாடு எல்லாம் அதுல வரைஞ்சு கீதாம். அத்த எட்த்துக் குடுத்தீங்கன்னா போதும், நான் போய்கினே இருப்பேன்."

பாடு என்றால் முறை. எண்ணூர் ஆற்றில் எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று அவர்களே தலைமுறை தலைமுறையாக வகுத்துக்கொண்ட ஏற்பாடு. அதற்குப் பட்டாவும் கிடையாது, சர்வே எண்ணும் கிடையாது. ஆறு வளைகிற ஓரிடத்தை ஒரு கம்பெனி தன் சரக்கு யார்டுக்காகக் கேட்டிருந்தது. அங்கே யாரும் எந்தக் காலத்திலும் மீன் பிடித்ததில்லை, அது வெறும் சேறும் முள்ளும்தான் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை திருவொற்றியூரில் அதிகாரிகள் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டம். ஆட்சேபம் இருந்தால் எழுத்து ஆதாரத்தோடு வரச் சொல்லிவிட்டார்கள். அந்த வளைவில் ஏழுமலை குடும்பத்துக்கும் பாடு உண்டு.

நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் நானும் 'இன்னா', 'கீது' என்றுதான் பேசுவேன். ஆனால் பல்கலைக்கழக வாசலை மிதித்தால் நாக்கைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு வேறொரு நாக்கை எடுத்து மாட்டிக்கொள்வது என் வழக்கம். அன்றும் அதையே மாட்டிக்கொண்டு, "வெளியாட்களை அனுமதிப்பதற்கு முறை இருக்கிறது. ஒரு பேராசிரியரிடம் கடிதம் வாங்கி வாருங்கள்" என்றேன். முறை அப்படித்தான் இருந்தது. அவரை என் மேசைக்கு எதிரே உட்கார வைத்துவிட்டு நானே போய்த் தேடியிருந்தாலும் எந்த முறையும் கெட்டிருக்காது என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் திருப்பி அனுப்பினேன்.

திங்கட்கிழமை கடிதத்தோடு வந்தார். எந்தக் கல்லூரியில் யார் காலைப் பிடித்து வாங்கினாரோ, நான் கேட்கவில்லை. ஐந்து நாள் போய்விட்டிருந்தது. கணினி முன்னால் உட்கார்ந்தேன். அந்த ஆய்விதழ் நடுவில் இரண்டு முறை பெயர் மாறியிருந்தது. புதிய பெயரில் தேடினால் பழைய தொகுதி வராது. அது எனக்குத் தெரியும். சுற்றி வளைத்துப் பழைய பெயரில் போய்ப் பிடித்தேன். பத்து நிமிடம். நம் சந்தாவுக்குள் இருந்தது. பதினான்கு பக்கத்தையும் அச்சிட்டு, ஸ்டேப்ளர் போட்டு, சீல் வைத்துக் கையில் கொடுத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் அந்தத் தாள்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதற்கெல்லாம் போய் ஏன் இப்படி என்று சொல்லிச் சிரித்தேன்.

கடைசிப் பக்கத்தை நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நூலகம் திறக்கும் முன்பே அவர் வாசலில் இருந்தார். இந்த முறை காவலர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே விட்டுவிட்டார்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. இங்கிலீஷு எனக்கு வராது, எம்பொண்ணுதான் படிச்சுச்சு. பாடு இன்னா, எந்த ஊருக்கு இன்னா முறைன்னு எல்லாம் எழுதிக் கீது. ஆனா இந்தப் பக்கத்தப் பாருங்க. மேப்பு மடிச்சு கீது."

பார்த்தேன். அந்தக் காலத்து ஆய்விதழ்களில் பெரிய வரைபடத்தை நான்காக மடித்துக் கடைசியில் ஒட்டியிருப்பார்கள். யாரோ எங்கோ இருந்துகொண்டு அந்த இதழைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தபோது, மடித்த தாளைப் பிரிக்காமல் அப்படியே படம் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தலைப்பின் முதல் பாதி தெரிந்தது. ஒரு மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி தெரிந்தது. மற்றதெல்லாம் வெள்ளைத் தாளின் முதுகு.

"கவலைப்படாதீர்கள், அச்சுப் பிரதி நம்மிடம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கீழ்த்தளத்துக்கு ஓடினேன். அந்த அலமாரியில் இப்போது போட்டித் தேர்வுப் புத்தகங்கள் இருந்தன. மேலே வந்து கழிவுப் பதிவேட்டை எடுத்தேன். அந்த ஆய்விதழின் முப்பத்தொரு தொகுதிகளும் நீக்கப்பட்டிருந்தன. காரணம் என்ற கட்டத்தில் 'இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது' என்று இருந்தது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இடம் வேண்டும், இடம் வேண்டும் என்று மேலிருந்து நச்சரித்தார்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, இணையத்தில் இருக்கிறதா, இருக்கிறது, டிக். இருக்கிறதா, இருக்கிறது, டிக். முப்பத்தொன்றில் ஒன்றைக்கூட நான் பிரித்துப் பார்க்கவில்லை. சரிபார்த்தவர் என்று மட்டும் கையெழுத்துப் போட்டேன். பிறகு இதைக் கேள்விப்பட்ட சக ஊழியர்கள், யானைக்கும் அடி சறுக்கும் மேடம், விடுங்க என்றார்கள். நான் யானையும் இல்லை, எனக்கு அடி சறுக்கவும் இல்லை. செருப்பு மாட்டிக்கொண்டு நடந்துபோய்ச் செய்த காரியம் அது.

ஏழுமலையிடம் வந்து, "பழைய தொகுதி இங்கே இல்லை, வேறு நூலகத்தில் விசாரிக்கிறேன்" என்றேன். இல்லை என்றேனே தவிர, ஏன் இல்லை என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "நீங்க பாத்துக்குவீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை, நம் பழைய தொகுதிகளை எடை போட்டு எடுத்துக்கொண்டு போன பழைய பேப்பர் வியாபாரியைத் தேடிப் போனேன். எங்கள் தெருவிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான் அவர் கிடங்கு. பாய் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யம்மா, நீ படிச்ச பொண்ணு, நீயே இப்டிக் கேக்கலாமா? அது எப்பவோ மில்லுக்குப் போயி, கூழாயி, அட்டைப் பெட்டியாயி, அந்தப் பொட்டியும் கிழிஞ்சு என்னாண்டயே திரும்பி வந்துருக்கும். போய்த் தேடு, அதோ கீது பாரு" என்று மலையாகக் குவிந்திருந்த அட்டைகளைக் காட்டினார். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

அடுத்த மூன்று நாள் எனக்குத் தெரிந்த நூலகங்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பினேன், போன் செய்தேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: நாங்களும் கழித்துவிட்டோம், இணையத்தில் இருக்கிறதே, பார்க்கவில்லையா? ஊருக்கு ஊர் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து டிக் அடித்திருக்கிறாள்.

கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கையில், திங்கட்கிழமை மதியம், தெற்கே ஒரு நூலகத்திலிருந்து ஒரு உதவியாளர் பேசினார். நல்ல மனிதர். மூடி வைத்திருந்த பழைய அறைக்குள் போய், தூசியைத் தட்டி, தொகுதியைக் கையில் எடுத்துக்கொண்டே பேசினார்.

"மேடம், மேப் இருக்கு. பிரிச்சு மேசை மேல விரிச்சு வச்சிருக்கேன். ஊர் ஊரா, பாடு பாடா கலர்ல போட்டிருக்கு. இங்க போட்டோ எடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு. பரவால்ல, இப்ப ரூம்ல யாரும் இல்ல. போன்ல ஒண்ணு எடுத்து உங்களுக்கு வாட்ஸப்ல போட்டுடட்டுமா?"

இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று கவனிக்க வேண்டும். கணினி தெரியாததால் வருகிற தவறு இல்லை இது. வேலையை மிக நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

"வேண்டாம் சார், உங்களுக்கு ஏதாவது பிரச்சினை வந்துடப் போகுது" என்றேன். "கூட்டத்துல வைக்கிற ஆதாரம். போன் போட்டோவை யாரும் மதிக்க மாட்டாங்க. முறைப்படி நகல் எடுத்து, உங்க நூலகர் கையெழுத்து, சீலோட அனுப்பிடுங்க. இன்னும் நாலு நாள் இருக்கே."

"நூலகர் லீவுல இருக்காரு மேடம். புதன்கிழமைதான் வருவாரு."

"வரட்டும் சார். ஸ்பீடு போஸ்டுல போட்டா அடுத்த நாள் வந்துடும்."

இரண்டையும் கேட்டிருக்கலாமே என்று இப்போது உங்களுக்குத் தோன்றும். எனக்கு அப்போது தோன்றவில்லை. முப்பத்திரண்டு வருடம் சீல் இல்லாத தாளைத் தாள் என்றே நான் நினைத்ததில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு தொகுதியைத் தூக்கிப் போட்டவள் நான். அந்தக் குறையை அப்பழுக்கில்லாத ஒரு நகலால் சரிக்கட்ட வேண்டும் என்று நினைத்தேன். மங்கலான போன் படத்தைக் கொண்டுபோய் ஏழுமலையிடம் நீட்ட என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அவருடைய ஆற்றைவிட என் வேலை சுத்தமாக இருப்பது எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

நகலைப் புதன்கிழமை மாலை தபாலில் போட்டார்கள். வியாழக்கிழமை வரவில்லை. பதறிப்போய் அந்த உதவியாளருக்கு போன் செய்து, சார், அந்தப் போட்டோ, என்று ஆரம்பித்தேன். அவர் தேர்வுப் பணிக்காக வேறு ஊரில் இருந்தார். பழைய அறையின் சாவி அலுவலகத்தில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் யாரையாவது பிடிக்கப் பார்க்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நெட்டுக்குப்பத்திலிருந்து ஆண்களும் பெண்களுமாக நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஏழுமலை மைக் முன்னால் போய் நின்று, நான் சீல் வைத்துக் கொடுத்த பதினான்கு பக்கத்தையும் மேடையில் இருந்த அதிகாரியிடம் கொடுத்தார். அதிகாரி பொறுமையாகத்தான் புரட்டினார். மோசமான ஆள் இல்லை.

"கட்டுரையெல்லாம் சரி. இதுல எந்த இடத்தைச் சொல்றாங்க? மேப்பைப் பார்க்கவும்னு போட்டிருக்கு. மேப் எங்க?"

"மடிச்சு கீது சார்."

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். கம்பெனி தரப்பில் கோட்டுப் போட்ட ஒருவர் எழுந்து, ஆறு பெரிய ஆறு, இந்தக் கட்டுரை இந்த வளைவைத்தான் சொல்கிறது என்று எதை வைத்து முடிவு செய்வது என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அதிகாரி ஏழுமலையைப் பார்த்தார்.

"அந்த மேப் வேற எதுலயாவது இருக்காங்க? ஒரு போட்டோவாவது?"

நான் எழுந்துவிட்டேன். அந்த வரைபடம் இருக்கிறது, தபாலில் வந்துகொண்டிருக்கிறது, நாளைக்குள் வந்துவிடும் என்று அங்கிருந்தே கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏழுமலையும் பார்த்தார். அப்போதுதான் நான் வந்திருப்பது அவருக்குத் தெரியும்.

"நீங்க யாரும்மா? நூலகத்தோட சார்பா வந்து சொல்றீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் அனுமதித்தார்கள் என்று கேள்வி வரும், விளக்கக் கடிதம் கேட்பார்கள், ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிறது. இதெல்லாம் அந்த ஒரு நொடியில் மண்டைக்குள் ஓடியது. "இல்லை, தனிப்பட்ட முறையில வந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வரைபடம் இணைக்கப்படவில்லை என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு உறை வந்தது. ஒரு குறை சொல்ல முடியாத நகல். நூலகர் கையெழுத்து, வட்டச் சீல், தேதி, எல்லாம் இருந்தன. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதைச் சீல் வைத்தும் செய்யலாம் என்று அன்று தெரிந்தது. கூட்டம் நடத்திய அதிகாரியின் அலுவலகத்துக்கு ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக அட்டை மட்டும் வந்தது. சில மாதம் கழித்து அந்த வளைவை யார்டுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் உடனே போக எனக்குத் தைரியம் வரவில்லை. ஓய்வு பெற்ற மறுவாரம்தான் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நெட்டுக்குப்பம் போனேன். ஏழுமலை கரையில் நின்ற படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று வந்த வலையிலிருந்து நண்டையும் பிளாஸ்டிக்கையும் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். படகின் விளிம்பிலேயே வரைபடத்தை விரித்துப் பிடித்தோம். அவர் விரலை வைத்துக்கொண்டே போனார். இது முகத்துவாரம், இது எங்க ஊரு, தோ, இந்தாண்டதான் எங்க பாடு, இங்கதான் இப்போ கம்பி வேலி போட்டுக்கீறான் என்றார். எல்லாம் சரியாக இருந்தது. எவ்வளவோ காலத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் படகில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு எழுதி, வண்ணம் தீட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அப்போது சொன்னேன். இந்தப் புத்தகம் எங்கள் நூலகத்தில் இருந்தது, தூக்கிப் போடலாம் என்று கையெழுத்துப் போட்டது நான், போன் போட்டோ வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். வாயில் என் வீட்டுப் பேச்சுத்தான் வந்தது. அவர் வரைபடத்திலிருந்து விரலை எடுத்தார்.

"கையெழுத்துப் போடறப்போ தொறந்து பாத்தியாக்கா?"

"இல்லப்பா."

"நாங்க கூளம்னாலும் பிரிச்சுப் பாத்துட்டுத்தான்க்கா கீழ போடுவோம்" என்றார். குரலில் கோபம் இல்லை. தொழில் விஷயமாக ஒரு தகவல் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

வரைபடத்தை நான்காக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். உங்களுக்குத்தான் கொண்டு வந்தேன், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"வாணாங்க்கா. உங்க லைப்ரரிலயே வெச்சுக்கோங்க. எங்களுக்கு எடம் தெரியும். பேப்பரு கேட்டது அவங்கோதான்."

அப்புறம் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று கடையில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் வந்ததும் கண்டக்டரிடம் அக்காவைத் தண்டையார்பேட்டையில் பார்த்து இறக்கிவிடப்பா என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னை நான்கு வார்த்தை திட்டியிருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.